பேசிக்கொள்ளாத இருவர், ஒரே அணி

இந்த முறை வந்த கடிதங்களில் எதிரணியைப் பற்றி ஒருவர்கூடக் கேட்கவில்லை. எல்லாருக்கும் தொல்லை சொந்த அணியில்தான். எனக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. பல்கலைக்கழக அணி நண்பர்கள் கூடி அமைத்துக்கொள்வது அல்ல. தேர்வு நாளில் நன்றாக ஆடியவர்களைப் பிடித்து, ஒரே நிறத்தில் சட்டை மாட்டி, "இனி நீங்கள் ஒரே அணி" என்று சொல்லிவிடுகிறார்கள். ஒருவரை ஒருவர் புரிந்துகொள்வதற்குள் பாதிப் பேர் படிப்பு முடிந்து கிளம்பிவிடுகிறார்கள். உரசல் வராமல் இருந்தால்தான் அதிசயம்.

கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். அடையாளம் தெரியக்கூடிய எதையும் விட்டுவைக்கவில்லை.

*

மேடம், நான் வாலிபால் அணியில் மிடில், நெட்டுக்கு நடுவில் நின்று அடிப்பவள். தாழ்வாகத் தூக்கும் பந்தைச் சட்டென்று அடிக்கும் குயிக்தான் என் வேலை. கேப்டன் தேர்வில் நான் வேறொருவருக்கு ஆதரவு தந்ததிலிருந்து, அடிப்பதற்குப் பந்தைத் தூக்கிக்கொடுக்கும் எங்கள் செட்டர் என்னோடு பேசுவதில்லை. அப்போதிருந்து எனக்குப் பந்தும் வருவதில்லை. எல்லாம் நெட்டின் இடது ஓரத்தில் இருக்கும் நாலாம் பொசிஷனுக்கே போகிறது. நான் குதித்துக் குதித்துச் சும்மா இறங்குகிறேன். பயிற்சியாளரிடம் சொன்னால் "பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்" என்கிறார். அவள் பழிவாங்குகிறாள் என்பதை எப்படி நிரூபிப்பது?

நிரூபிக்கக் கிளம்புவதற்கு முன்னால், நடப்பது பழிவாங்கல்தானா என்று பார்த்துவிடுவோம்.

நானும் செட்டராக ஆடியவள். அதனால் முதலில் அவள் பக்கம் கொஞ்சம் சாய்வேன், அப்புறம் உங்கள் பக்கம் வருகிறேன். ரிசப்ஷன், அதாவது எதிரணியின் சர்வை எடுத்துக் கொடுக்கும் பந்து, நெட்டுக்குப் பக்கத்தில், செட்டர் நிற்கிற இடத்துக்கு நேராக வந்து விழுந்தால்தான் மிடிலுக்குக் குயிக் போட முடியும். பந்து மூன்று மீட்டர் கோட்டுக்குப் பின்னால் போய்விட்டால், ஓடிப்போய் எடுத்து ஓரத்துக்கு உயரமாகத் தூக்குவதைத் தவிர அவளுக்கு வேறு வழி கிடையாது. அதனால்தான் ரிசப்ஷன் சொதப்புகிற நாளில் எந்த அணியிலும் மிடில் பட்டினி கிடப்பாள், நாலாம் பொசிஷன்காரிக்கு வேலை குவியும். உங்கள் அணி சமீபத்தில் ரிசப்ஷனில் எப்படி ஆடுகிறது? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

இரண்டாவது விஷயம் இன்னும் நுணுக்கமானது. குயிக் பந்தை செட்டர் தொடும்போது மிடில் ஏற்கெனவே தரையை விட்டுக் கிளம்பியிருக்க வேண்டும். செட்டர் பந்தைப் பார்த்துக்கொண்டே ஓரக்கண்ணால் உங்கள் ஓட்டத்தைப் பார்ப்பாள். அந்த ஓட்டத்தில் வேகம் இருக்கிறதா, கை பின்னால் போய்விட்டதா, கண் பந்தில் இருக்கிறதா, எல்லாம் அந்த ஒரு கணத்தில் தெரிந்துவிடும். "எப்படியும் எனக்கு வராது" என்று நினைக்கிற மிடில் என்ன செய்வாள் தெரியுமா? கடைசி எட்டைக் குறைப்பாள். குதிப்பாள், ஆனால் கை முழுதாக மேலே போகாது. செட்டர் அதைப் பார்த்து, "இவள் தயாராக இல்லை" என்று ஓரத்துக்குப் போட்டுவிடுவாள். "பார்த்தாயா, மறுபடியும் தரவில்லை" என்று மிடில் அடுத்த முறை இன்னும் அரைகுறையாகக் குதிப்பாள். இப்படியே போனால் ஒரு செட் முடிவதற்குள் இரண்டு பேருமே தங்கள் பக்கம்தான் நியாயம் என்று சத்தியம் செய்வார்கள். இரண்டு பேரும் பொய் சொல்லவும் மாட்டார்கள்.

சரி, இப்போது உங்கள் பக்கம். செட்டர்கள் ஒன்றும் புனிதர்கள் அல்ல. ஒரு ஆட்டக்காரியைத் தண்டிக்க அவளுக்குப் பந்தே கொடுக்காமல் இருப்பது முட்டாள் செட்டரின் வழி. கெட்டிக்காரச் செட்டர் பந்து கொடுப்பாள், ஆனால் ஒரு சாண் நெட்டை ஒட்டிக் கொடுப்பாள். அடிக்கிறவள் கையை முழுதாக வீச முடியாது, தடுக்க நீட்டிய எதிரணியின் கைகளில், பிளாக்கில், நேரே போய் மாட்டும். பார்க்கிறவர்கள் எல்லாம் அடித்தவளைத்தான் திட்டுவார்கள். இந்த வித்தை எனக்கு நன்றாகவே தெரியும். எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். உங்களுக்குப் பந்தே வருவதில்லை என்று எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், இதில் பாதியாவது ஆட்டச் சிக்கலாக இருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

பார்த்துவிடலாம். கடைசியாக ஆடிய போட்டியின் வீடியோ யாரிடமாவது இருக்கும். ஒரு தாளில் மூன்று பத்தி போடுங்கள். முதல் பத்தியில் ரிசப்ஷன் எப்படி வந்தது: நல்லது, சுமார், மோசம். இரண்டாவதில் பந்து யாருக்குப் போனது. மூன்றாவதில், நீங்கள் முழு வேகத்தில் குதித்தீர்களா இல்லையா. மூன்றாவது பத்தியை நீங்களே நிரப்பாமல், உங்கள் அணியில் இந்தச் சண்டையில் சேராத ஒருத்தியிடம் கொடுங்கள். நல்ல ரிசப்ஷன், முழுக் குதி, அப்படியும் பந்து வரவில்லை என்ற வரிகளை மட்டும் எண்ணுங்கள். அவை ஒன்றிரண்டுதான் என்றால் உங்கள் சந்தேகத்தை மூட்டை கட்டிவிடலாம். பக்கம் முழுக்க அவைதான் என்றால், அடுத்த முறை பயிற்சியாளரிடம் புகாரோடு போகாதீர்கள், அந்தத் தாளோடு போங்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு "பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்வது அவருக்கும் கஷ்டம்.

பேச்சுக்கு வருவோம். தோற்ற ஆட்டம் முடிந்த கையோடு பேசாதீர்கள். பஸ்ஸிலும் வேண்டாம், பத்துப் பேர் காதைத் தீட்டிக்கொண்டு இருப்பார்கள். பயிற்சி தொடங்குவதற்குச் சற்று முன்னால், கையில் பந்து இருக்கும்போது பேசுங்கள். "ஏன் எனக்குப் போட மாட்டேங்கிற?" என்று தொடங்கினால் அங்கேயே முடிந்தது. "இன்னைக்கு ரிசப்ஷன் நல்லா வந்தா எனக்கு ரெண்டு பந்து போட்டுப் பாரேன், நான் சீக்கிரமே கிளம்புறேன்" என்று சொல்லிப் பாருங்கள். இதற்கு அவள் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்றுகூட இல்லை. போட்டாலே போதும்.

கேப்டன் விஷயத்தை இதோடு கலக்காதீர்கள், அதற்கு வேறொரு நாள் இருக்கிறது. அந்த நாளில், அவள் தலைமை பிடிக்காமல்தான் மற்றவருக்கு ஆதரவு தந்தீர்கள் என்றால் அதை மறைக்காதீர்கள். "உனக்கு எதிராக இல்லை" என்று சமாளித்தால் அவளுக்குத் தெரிந்துவிடும். உங்களை ஓரக்கண்ணால் படித்துப் படித்தே பழகியவள் அவள்.

*

எங்கள் கூடைப்பந்துப் பயிற்சியாளர் "குடும்பமாக இருந்தால்தான் ஜெயிப்போம்" என்று வாராவாரம் எல்லாரையும் உட்காரவைத்து மனம்விட்டுப் பேசச் சொல்கிறார். எனக்கு அணியில் இரண்டு பேரைச் சுத்தமாகப் பிடிக்காது. ஆனால் களத்தில் மூவரும் நன்றாகவே ஆடுகிறோம். ஒற்றுமை இல்லாத அணி ஜெயித்ததே இல்லையா?

ஜெயித்திருக்கிறது, ஒலிம்பிக்கிலேயே. 1960 ரோம் ஒலிம்பிக்கில் எட்டுப் பேர் துடுப்புப் போடும் படகுப் போட்டியில் ஜெர்மனி தங்கம் வாங்கியது. அந்தப் படகில் இருந்த ஹான்ஸ் லெங்க் பின்னாளில் தத்துவப் பேராசிரியர் ஆனார். தன்னுடைய அணியையே எடுத்துவைத்து ஆராய்ந்தும் எழுதினார். படகில் இருந்தவர்கள் இரண்டு கிளப்புகளிலிருந்து வந்தவர்கள். கோஷ்டி இருந்தது, உள்ளுக்குள் கடும் மோதல் இருந்தது. அப்படியிருந்தும் படகின் வேகம் குறையவில்லை என்பதுதான் அவர் சொன்னது. எட்டுத் துடுப்பும் ஒரே கணத்தில் தண்ணீரில் இறங்க வேண்டிய விளையாட்டு அது. சண்டை போடும் அணி தோற்றே தீரும் என்று நம்பிக்கொண்டிருந்த ஆராய்ச்சியாளர்களுக்கு அது தலைவலியாகத்தான் போயிருக்கும்.

கால்பந்து ரசிகராக இருந்தால் இன்னொன்றும் தெரிந்திருக்கும். 1999இல் மான்செஸ்டர் யுனைடெட் பிரீமியர் லீக், எஃப்.ஏ. கோப்பை, சாம்பியன்ஸ் லீக் மூன்றையும் ஒரே பருவத்தில் வென்றது. அந்த அணியின் முன்வரிசையில் இருந்த ஆண்டி கோலும் டெடி ஷெரிங்காமும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளாதவர்கள். 1995இல் இங்கிலாந்துக்காக ஆண்டி கோல் முதன்முதலாகக் களமிறங்கியபோது, அவருக்கு இடம் விட்டு வெளியே வந்த ஷெரிங்காம் கைகொடுக்காமல் போய்விட்டார். அதிலிருந்து தொடங்கியது என்று கோலே பிறகு வெளிப்படையாகச் சொன்னார்.

இதை எடுத்துக்கொண்டு போய் உங்கள் பயிற்சியாளர் முன்னால் வீசிவிடாதீர்கள். ஆல்பர்ட் கேரன் என்ற கனடா நாட்டு ஆய்வாளரும் அவரோடு வேலை செய்தவர்களும் அணியின் ஒட்டுதலை அளக்க 1985இல் ஒரு கேள்வித்தாள் தயாரித்தார்கள். அதில் இரண்டு சங்கதியைத் தனித்தனியாகப் பிரித்திருந்தார்கள். ஒன்று, வேலையில் ஒட்டுதல்: எல்லாரும் ஒரே இலக்கை நோக்கி, ஒத்துக்கொண்ட முறையில் ஆடுகிறார்களா. மற்றது, பழக்கத்தில் ஒட்டுதல்: ஒருவரை ஒருவர் பிடித்திருக்கிறதா, ஆட்டம் முடிந்த பிறகும் சேர்ந்து திரிகிறார்களா. உங்கள் அணியில் முதலாவது இருக்கிறது, இரண்டாவது இல்லை. உங்கள் பயிற்சியாளர் இரண்டாவதைப் போட்டு முதலாவதை வளர்க்கப் பார்க்கிறார். அது தலைகீழ் வழி என்பது என் கருத்து. சேர்ந்து ஜெயித்த பிறகு பிடிக்காதவனைக்கூடக் கொஞ்சம் பிடித்துப்போவதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஆனால் கோலும் ஷெரிங்காமும் ஆட்டம் முடிந்ததும் தனித்தனிக் காரில் வீட்டுக்குப் போனவர்கள், சம்பளம் வாங்கியவர்கள். நீங்கள் வகுப்பு, விடுதி, பஸ் என்று நாள் முழுக்க அந்த இரண்டு பேர் முகத்தில்தான் விழிக்க வேண்டும். மாணவனுக்கு மனம் வெறுத்துவிட்டால் அணியைவிட்டே போய்விடுவான், யாரும் ஒப்பந்தத்தைக் காட்டி நிறுத்த முடியாது. பயிற்சியாளரின் பயம் அதுவாக இருக்கலாம். வாராந்திரக் கூட்டத்தில் உட்காருங்கள். மனம்விட்டுப் பேச வேண்டும் என்று கட்டாயம் இல்லை. "அவன் எதிராளியை வழிமறித்து ஸ்க்ரீன் போடும்போது எனக்கு ஒரு குரல் கொடுத்தால் நன்றாக இருக்கும்" என்று சொன்னாலும் அது பேச்சுதான்.

*

4×100 ரிலேயில் நான் மூன்றாவது ஓட்டக்காரன். கடைசியாக ஓடுகிறவனோடு எனக்குச் சண்டை, காரணம் வேண்டாம். போன போட்டியில் கைமாற்றும் குச்சி, பேட்டன், கீழே விழுந்தது. அவன் என்னைச் சொல்கிறான், நான் அவனைச் சொல்கிறேன். அடுத்த போட்டிக்கும் இதே வரிசைதான்.

தம்பி, உலகத்திலேயே வேகமானவர்கள் கைகளிலிருந்தும் பேட்டன் நழுவியிருக்கிறது. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அமெரிக்காவின் ஆண்கள் அணி, பெண்கள் அணி இரண்டுமே ஒரே நாளில் தகுதிச் சுற்றில் பேட்டனைத் தவறவிட்டன. இரண்டும் கடைசி மாற்றத்தில்தான், அதாவது உங்கள் இருவரின் இடத்தில். அதனால் விழுந்த பேட்டனை உங்கள் சண்டையின் கணக்கில் உடனே எழுதிவிட வேண்டாம்.

இருந்தாலும் சண்டை அங்கே நுழைகிற வழி ஒன்று உண்டு. வாங்குகிறவன் திரும்பிப் பார்க்கக் கூடாது. தரையில் ஒட்டிய டேப்பை நீங்கள் தாண்டும் கணத்தில் அவன் முழு வேகத்தில் கிளம்ப வேண்டும். உங்கள்மேல் நம்பிக்கை இல்லை என்றால் அரை நொடி தாமதிப்பான், இல்லை தலையைத் திருப்புவான். நீங்கள் அவன்மேல் போய் மோதப் பார்ப்பீர்கள், கை இடிக்கும், பேட்டன் விழும். நம்பிக்கை இல்லாதவர் நீங்கள் என்றால், கையில் சரியாக அமர்வதற்கு முன்பே திணிப்பீர்கள், அல்லது அவன் இறுக்கிப் பிடித்தானோ இல்லையோ என்று விடாமல் இழுத்துக்கொண்டு இருப்பீர்கள்.

பேட்டனைக் கைமாற்ற வேண்டிய பகுதி இப்போது 30 மீட்டர். 2017 வரை அது 20 மீட்டராக இருந்தது, அந்தப் பகுதி தொடங்கும் இடத்துக்கு முன்னால் ஓட்டம் எடுக்க ஒரு 10 மீட்டர் தனியாக இருந்தது. 30 மீட்டருக்குள் பேட்டன் எங்கே கைமாறுகிறது என்பதைப் பக்கவாட்டிலிருந்து வீடியோ எடுங்கள். ஒவ்வொரு முறையும் தொடக்கத்திலேயே நெரிசலாக மாறினால் அவன் தாமதமாகக் கிளம்புகிறான். கடைசிக் கோட்டில் போய் எட்டிப் பிடிக்க வேண்டியிருந்தால் சீக்கிரம் கிளம்புகிறான், அல்லது நீங்கள் கடைசியில் தளர்கிறீர்கள். டேப்பை ஓர் அடி முன்னே பின்னே நகர்த்துங்கள். இதற்கெல்லாம் சமாதானம் ஆகியிருக்கத் தேவையில்லை. ஓடும்போது நீங்கள் அவனிடம் சொல்ல வேண்டியது "ஹேண்ட்!" என்ற ஒற்றைச் சொல். அதை மட்டும் கோபம் இல்லாமல் சத்தமாகச் சொல்லிவிடுங்கள். மற்றதை அடுத்த பருவத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

ஒன்று நினைவிருக்கட்டும், கீழே விழுந்தால் தவறவிட்டவர்தான் எடுக்க வேண்டும். அந்த நேரத்தில் யார் எடுப்பது என்று முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள்.

*

எங்கள் அணியில் சிறந்த ஐந்து பேர் நாங்கள்தான். கேப்டனுக்கு எங்களைவிடத் திறமை குறைவு, பயிற்சித் திட்டமும் பழைய காலத்தது. "கேப்டனை மாற்றாவிட்டால் ஆட மாட்டோம்" என்று எழுதிக் கொடுக்கப்போகிறோம். எங்களை விட்டால் அவர்களுக்கு வேறு வழி இல்லை.

வேறு வழி இருக்கும். 1987இல் ஆக்ஸ்ஃபோர்டில் இருந்தது.

ஆக்ஸ்ஃபோர்டுக்கும் கேம்பிரிட்ஜுக்கும் லண்டன் தேம்ஸ் நதியில் ஆண்டுதோறும் நடக்கும் படகுப் போட்டியைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். தொடர்ந்து பத்து வருடம் ஜெயித்த ஆக்ஸ்ஃபோர்டு 1986இல் தோற்றது. அடுத்த வருடம் எப்படியும் ஜெயிக்க வேண்டும் என்று அமெரிக்காவிலிருந்து நல்ல அனுபவசாலிகள் சிலர் வந்து சேர்ந்தார்கள். அவர்களுக்கும் பயிற்சியாளர் டான் டொபோல்ஸ்கிக்கும் பயிற்சி முறையில் ஒத்துப்போகவில்லை. படகு மன்றத்தின் மாணவர் தலைவர் டொனால்ட் மெக்டொனால்டுக்குப் படகில் இடம் தரலாமா என்பதிலும் தகராறு. தலைவர் விலக வேண்டும் என்று கொடி பிடித்தார்கள். கல்லூரிகளின் படகு அணித் தலைவர்கள் கூடி, தலைவர் பக்கம் நின்றார்கள். அமெரிக்கர்கள் விலகினார்கள். இனி ஆக்ஸ்ஃபோர்டு அவ்வளவுதான் என்று பத்திரிகைகள் எழுதின. மார்ச் 28ஆம் தேதி, காற்றும் அலையுமாக இருந்த ஆற்றில், மாற்று ஆட்களோடு இறங்கிய ஆக்ஸ்ஃபோர்டு நான்கு படகு நீள வித்தியாசத்தில் ஜெயித்தது. மெக்டொனால்டும் அந்தப் படகில்தான் இருந்தார்.

விலகியவர்கள் சொன்னதெல்லாம் தவறு என்று நான் சொல்ல மாட்டேன். பயிற்சி முறை பற்றி அவர்கள் கேட்டதில் நியாயம் இருந்திருக்கலாம். தலைவரே தேர்வுக் குழுவிலும் இருந்துகொண்டு படகில் இடத்துக்கும் போட்டியிடுவது யாருக்குமே உறுத்தும். பிசகியது, பயிற்சிச் சண்டை ஓர் ஆளைத் தூக்கும் சண்டையாக மாறிய இடத்தில். "இந்தப் பயிற்சியை மாற்றுங்கள்" என்றால் பேச இடம் இருக்கிறது. "இவரைத் தூக்குங்கள்" என்றால் மற்ற எல்லாரும் ஏதாவது ஒரு பக்கம் நின்றே ஆக வேண்டும். உங்கள் ஐந்து பேரைத் தவிர அணியில் மீதி இருப்பவர்களைக் கேட்டீர்களா? கடிதத்தில் அவர்கள் இல்லவே இல்லை. பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு உங்கள் ஐவரின் மிரட்டல் வாய்ப்பு மாதிரித்தான் கேட்கும்.

கேப்டனின் திறமையை விட்டுத்தள்ளுங்கள், சிறந்த ஆட்டக்காரர்தான் கேப்டனாக வேண்டும் என்று எந்த விளையாட்டிலும் விதி இல்லை. பயிற்சியில் எதை மாற்ற வேண்டும் என்று ஒரு பக்கத்துக்கு எழுதுங்கள். கீழே "இல்லாவிட்டால்" என்று தொடங்கும் வரி இருந்தால் அதை அடித்துவிட்டுக் கொடுங்கள்.

*

நான் கால்பந்து அணிக் கேப்டன். பயிற்சியில் எங்கள் அணிக்காரர்கள் இருவர் கைகலந்துவிட்டார்கள். மறுநாளே கைகுலுக்க வைத்தேன். ஆனால் இன்னும் உறுமிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

மறுநாள் கைகுலுக்கல் உங்கள் நிம்மதிக்காக நடந்தது. அவர்களுக்கு அதில் ஒன்றும் இல்லை.

முதலில் இருவருக்கும் விதியைச் சொல்லுங்கள். கால்பந்து விதி 12இன்படி வன்முறை நடத்தைக்குச் சிவப்பு அட்டை. அடித்தது எதிரணியையா சொந்த அணியையா என்ற வேறுபாடே கிடையாது. 2005 ஏப்ரலில் ஆஸ்டன் வில்லாவுக்கு எதிரான ஆட்டத்தில் நியூகாசில் அணியின் லீ போயரும் கீரன் டையரும் ஒருவரை ஒருவர் அடித்துக்கொண்டார்கள். இருவரும் வெளியே. அதே அணியில் இன்னொருவர் முன்பே வெளியேற்றப்பட்டிருந்ததால் நியூகாசில் எட்டுப் பேரோடு ஆட்டத்தை முடித்தது. தோற்றது 0-3. உங்கள் ஆட்கள் உறுமுவது போட்டி நாளில் வெடித்தால் நீங்கள் ஒன்பது பேர்.

அப்புறம் தனித்தனியாக உட்காரவைத்துக் கேளுங்கள். "யார் தொடங்கினார்?" என்று கேட்டால் இரண்டு கதை வரும். "அதற்கு ஒரு நிமிடம் முன்னால் என்ன நடந்தது?" என்று கேளுங்கள். பெரும்பாலும் தாமதமான ஒரு டேக்கிள், இல்லை பாஸ் தராத ஒரு கோபம் வந்து நிற்கும். கை ஓங்கியவனுக்கும் வாய்விட்டவனுக்கும் ஒரே தண்டனை கொடுத்துச் சமத்துவம் காட்டாதீர்கள். அடித்தவனுக்கு ஓர் ஆட்டம் உட்கார வேண்டியிருக்கலாம், அதைப் பயிற்சியாளர் முடிவு செய்யட்டும். சில நாள் பயிற்சியில் இருவரையும் எதிரெதிர் அணியில் போடாதீர்கள்.

*

முதலாண்டு மாணவன். சீனியர்கள் இருவர் என் உருவத்தையும் பேச்சையும் வைத்து எல்லார் முன்னிலையிலும் கேலி செய்கிறார்கள். ஷூவை ஒளித்துவைக்கிறார்கள். ஒருமுறை ஓய்வறையில் பூட்டிவிட்டார்கள். "அணிக்குள் இதெல்லாம் சகஜம், அனுசரித்துப் போ" என்கிறார் கேப்டன்.

மற்ற கடிதங்களோடு உங்கள் கடிதத்தைச் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை, தம்பி. ஆனாலும் இங்கேயே பதில் சொல்கிறேன், இதே நிலையில் இருக்கும் வேறு யாராவது படிப்பார்கள். சண்டை என்றால் இரண்டு பேரும் ஏதோ ஒன்றைக் கேட்பார்கள். உங்களிடம் அவர்கள் எதையும் கேட்கவில்லை, உங்களை வதைக்கிறார்கள். இதில் அனுசரிக்க ஒன்றும் இல்லை, சமரசம் பேசவும் ஒன்றும் இல்லை.

தேதி, இடம், என்ன நடந்தது, யார் பார்த்தார்கள் என்று எழுதிவையுங்கள். செய்தி, படம் ஏதாவது அனுப்பியிருந்தால் அழிக்காதீர்கள். பயிற்சியாளரிடம் எழுத்தில் கொடுங்கள். அவரும் சிரித்து ஒதுக்கினால் அவருக்கு மேலே, நிர்வாகத்திடம், அதையும் எழுத்தில். வீட்டில் ஒருவருக்காவது இன்றைக்கே சொல்லிவிடுங்கள். அணியை விடுவதா வேண்டாமா என்பதை அதற்கப்புறம் நிதானமாக யோசியுங்கள், அது உங்கள் முடிவு. பூட்டிய ஆட்கள் அணியில் இருப்பதா வேண்டாமா என்பதுதான் முதலில் முடிவாக வேண்டியது.

*

என் நெருங்கிய தோழியும் நானும் ஒரே அணியில் கோல்கீப்பர்கள். இருப்பது ஓர் இடம். இந்த வருடம் என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். அவள் சிரித்துக்கொண்டேதான் வாழ்த்தினாள். ஆனால் ஏதோ உடைந்துவிட்டது.

முன்வரிசையில் இடம் கிடைக்காதவளை இடதில் போடலாம், வலதில் போடலாம், பாதி ஆட்டத்தில் இறக்கலாம். கோல்கீப்பருக்கு அந்த வசதி இல்லை. அதிலும் கோல்கீப்பர்கள் மற்றவர்களிடமிருந்து ஒதுங்கி, தங்களுக்குள்ளேயே பயிற்சி செய்கிறவர்கள். உங்கள் இடத்துக்குப் போட்டியாக இருப்பவள்தான் ஆட்டத்துக்கு முன்னால் உங்களுக்குப் பந்து அடித்து உடம்பைச் சூடேற்றிவிட வேண்டும். இதைவிடச் சங்கடமான ஏற்பாட்டை நான் விளையாட்டில் பார்த்ததில்லை.

அவளிடம் வருத்தம் தெரிவிக்காதீர்கள். தேர்வானதற்கு வருத்தப்படுகிறவளைப் பார்த்தால் அவளுக்கு இன்னும் எரியும். "அடுத்த வருடம் உனக்குத்தான்" என்ற ஆறுதலும் வேண்டாம், அது உங்கள் கையில் இல்லை. சூடேற்றும்போது அவள் அடிக்கிற பந்தைச் சிரத்தையாகப் பிடியுங்கள், அரைகுறையாக அடித்தால் "இன்னும் பலமா அடி" என்று சொல்லுங்கள். ஆட்டத்தின் இடைவேளையில் அவள் பெஞ்சிலிருந்து என்ன பார்த்தாள் என்று கேளுங்கள். கோலைப் பற்றி அந்த மைதானத்தில் உங்களைவிட நன்றாகத் தெரிந்த ஒரே ஆள் அவள்தான். அவளுக்குக் கொஞ்ச நாள் உங்களோடு சேர்ந்து திரிய மனம் இல்லாமல் போகலாம், விட்டுவிடுங்கள்.

*

என் மகன் அணியில் ஒருவனோடு சண்டை போட்டுக்கொண்டு, ஆட்டத்தையே விடப்போவதாகச் சொல்கிறான். நான் பயிற்சியாளரிடம் பேசலாமா?

வேண்டாம் ஐயா. அடி, மிரட்டல், அவமானம் என்று ஏதாவது இருந்தால் இன்றைக்கே பேசுங்கள், மேலே உள்ள மாணவனுக்கு எழுதியதைப் படியுங்கள். அப்படி இல்லை என்றால், அப்பா வந்து பேசிய மாணவன் என்ற பெயர் அந்தச் சண்டையைவிட நீண்ட நாள் நிற்கும். "விடுவதாக இருந்தால் பருவம் முடிந்த பிறகு விடு" என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். அதற்குள் பல சண்டைகள் தாமாகவே சலித்துப்போகும்.

*

நானும் என் ஓப்பனிங் பார்ட்னரும் ஒருவரை ஒருவர் ரன் அவுட் ஆக்கிக்கொண்டே இருக்கிறோம். அதனால் சண்டையா, சண்டையால் இதுவா என்றே தெரியவில்லை.

எதுவாக இருந்தாலும் மருந்து ஒன்றுதான். யார் அழைப்பது என்று பேடு கட்டும்போதே முடிவு செய்யுங்கள். விக்கெட்டுக்கு முன்னால் போகும் பந்துக்கு ஸ்ட்ரைக்கர், பின்னால் போகும் பந்துக்கு எதிர்முனையில் நிற்பவர். இரண்டாவது ரன்னுக்கு, எறி வரும் முனைக்கு ஓடுகிறவர் சொல்வதுதான் முடிவு. அழைப்புகள் மூன்றே மூன்று: "எஸ்", "நோ", "வெயிட்". "வா வா, இல்ல இல்ல, போ" என்பதெல்லாம் அழைப்பு இல்லை. பெவிலியனுக்குத் திரும்பிய பிறகு கேட்க வேண்டிய கேள்வியும் ஒன்றுதான்: அது யாருடைய அழைப்பு? பந்து எங்கே போனது என்பது இரண்டு பேருக்கும் தெரியும், அதனால் பதிலும் தெரியும்.